மதினியின் மூக்குச் சொட்டு

காலை ஷிப்டு பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும் முன்பே மதினி எழுந்து நின்றுவிட்டாள். மடியைத் தடவினாள், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள், "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று சத்தம் போட்டாள்.

"என்னக்கா, புருசனை மறந்துட்டு வந்துட்டீகளா?" என்றார் கண்டக்டர்.

"அவரை மறந்தா சாயந்தரம் பாத்துக்கிடலாம் தம்பி. மருந்தையில்ல மறந்துட்டேன்!"

பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினாள். அன்று ஒரு நாள் வேலை அவளுக்குப் போயிற்று.

மதினி என் அண்ணன் மனைவி. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தோம். அவள் பதிலி, யாராவது வராத அன்றுதான் அவளுக்கு வேலை. காத்துக் காத்துக் கிடந்து, நிரந்தரமாகும் நேரம் நெருங்கியிருந்தது. ஆனால் பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாது. உள்ளே போனதும் தும்மல், பிறகு மூக்கடைப்பு. எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து, விட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கைத் திறந்துவிட்டது. அதை அவள் விடவே இல்லை. காலிக் குப்பியைக் காட்டினால் மருந்துக் கடையில் புதிது தந்துவிடுவார்கள். மில்லில் எங்களுக்கு எல்லாமே சங்குதான். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு. மதினி சொட்டையும் சங்குக்கே விட்டாள். போகப்போகச் சங்குக்கு நடுவிலும் விட்டாள். மருந்துக்கு வீரியம் இல்லை என்று கடையை மாற்றினாள். நெஞ்சு படபடக்கிறது என்பாள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள்.

கடைசியில், "இந்தப் பஞ்சு என்னைக் கொன்னுரும், வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்" என்று மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பார்க்கப் போனேன். மலைக்காற்று அப்படி வீசுகிறது. அவளோ வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தாள். கையில் குப்பி.

"ஏட்டி, இங்கன பஞ்சு எங்க இருக்கு? பொறவு ஏன் அடைக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னையும் சும்மா இருக்கவிடவில்லை. ராஜபாளையத்தில் காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார், ரத்த அழுத்தமும் பார்த்தார்.

"இப்ப அடைக்கிறது பஞ்சு இல்லம்மா, இந்த மருந்து. மூணு நாலு நாளைக்கு விடுறதை வருசக்கணக்கா விட்டிருக்கீங்க. நாள் தாண்டுனா திறந்துவிட்ட மருந்தே அடைச்சிரும். படபடப்பும் அதனாலதான்."

தூசிக்கு வேறு மருந்து எழுதினார். வேலையில் மூக்கை மூடித் துணி கட்டச் சொன்னார். சொட்டை முதலில் ஒரு மூக்கில் நிறுத்து, அது சரியானதும் மற்றதில் நிறுத்து என்றார்.

இத்தனை வருடம் கழித்து இப்போது எனக்கும் தூசி ஆகவில்லை. மூக்கில் அடிக்க ஸ்பிரே கொடுத்திருக்கிறார்கள். இது தினமும் அடிக்கிற வகையாம். அடைப்பை உடனே திறக்கிற வகை வேறாம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். ஆனாலும் மருந்துக் கடையில் மட்டும், "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்காமல் நகர்வதில்லை.

அன்று சொட்டை நிறுத்திய அந்த நாட்களில் மதினி பட்ட பாடு பெரும்பாடு. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

"செக்கு மாடு மாதிரி சுத்தாதட்டி, உக்காரு" என்றான் அண்ணன்.

"உக்காந்தா மூச்சு நின்னுரும்போல இருக்கு. உமக்கென்ன, ரெண்டு மூக்கும் திறந்து கெடக்கு!"

மில்லுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று அவள் சொல்லவே இல்லை. பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். பால்கோவாக் கடை முன்னால் சட்டென்று நின்றாள்.

"ஏண்ணே, பாலு அடிப்பிடிக்கு! கிண்டுங்க!"

கடைக்காரர் திடுக்கிட்டு அடுப்புக்கு ஓடினார். எனக்கு அதுவரை எந்த வாடையும் வரவில்லை. மதினி தெருவிலேயே நின்று, வாயை இறுக மூடிக்கொண்டு, அந்தத் தீய்ந்த வாடையை மூக்கால் இழுத்து இழுத்து விட்டாள்.

"ஏட்டி, நாளைக்கு ஷிப்டுக்கு என்னையும் எழுப்பு" என்றாள்.