சாக்கின்மேல் ஒரு செருப்பு

தூண்டில் தடியின் நுனியில் கேஸ் மீற்றரைக் கட்டி, இராகுலன் அதைக் குகைக்குள் மெல்ல விடுகிறார். குப்புறப் படுத்திருக்கிறார். நாடி கல்லில் முட்டுகிறது. தடி முழுக்க உள்ளே போனதும் அசையாமல் கிடந்து காது கொடுக்கிறார். கெட்ட காற்று இருந்தால் மீற்றர் கத்தும். கத்தவில்லை. கத்தாததை அவர் நம்புவதில்லை. தடியை இழுத்தெடுத்து, பட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடியும் விடுகிறார்.

இன்று சனிக்கிழமை. பிள்ளைகள் வருவது நாளைக்கு.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைத் துப்புரவாக்க ஆட்கள் இறங்குமுன் உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்து, இறங்கலாம் என்று சொல்வது இராகுலனின் தொழில். அவர் வாய் திறக்காமல் ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை. லீவு நாட்களில் லிங்கநகரில் தன் வீட்டு ஒழுங்கையில் இரு பக்கமும் குடியிருக்கும் குடும்பங்களை மலைக்குக் கூட்டிப்போகிறார். பிள்ளைகள் குகைகளில் நுழைந்து விளையாட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பயணம். அதே பிள்ளைகள் குகையில் நுழைவதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

மலை தெரிவு செய்வது கிழமைக்கணக்கில் நடக்கும். முதலில் மாடு மேய்ப்பவர்களிடம் விசாரிப்பார். பிறகு தனியே போய், குகை வாய்க்கு மேலே தேன்கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். விதையும் செதிலுமாக எச்சம் கிடந்தால் குச்சியால் கிளறி, கரடியா மரநாயா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். எதுவானாலும் கடைசியில் கரடி என்றே முடிவெடுப்பார். மண்ணில் இரும்பு தட்டுப்பட்டால், அது மீன் ரின்னின் மூடியாக இருந்தாலும், அந்த மலை அதோடு சரி. சண்டைக்காலத்தில் யார் எங்கே எதைப் புதைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பார். தம்பலகாமம் பக்கத்தில் அருமையான குகை ஒன்றை வௌவால் நாற்றத்துக்காகவே தள்ளிவிட்டார்.

"இப்பிடியே போனா கடைசியில எங்கட மொட்டை மாடிக்குத்தான் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போவீங்கள்" என்றார் மனைவி சோபனா.

"மொட்டை மாடியில கைபிடிச் சுவர் இல்ல."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமையே மேசனைக் கூட்டிவந்து கட்டுவித்தார்.

ஞாயிறு காலை வான் புறப்படுமுன் வாசலில் நின்று பேசுவார். பேச்சு ஒருபோதும் மாறாது. குகை வாயில் ஒரு சாக்கு விரித்திருக்கும். உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையும் இடது செருப்பைக் கழற்றி அதில் வைக்க வேண்டும். வெளியே வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும்.

"சாக்கில செருப்பு இருந்தா?" என்று கேட்பார்.

"ஆள் உள்ளுக்கு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

"செருப்பு இல்லாட்டி?"

"ஆள் வெளியில!"

பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்புவார். குரல் இறங்கிவிடும். "வாசல்ல நிக்கிறவர் உள்ளுக்குப் போகக்கூடாது. என்ன நடந்தாலும். கூப்பிடலாம், ஆள் சேர்க்கலாம், கயிறு போடலாம். போகக்கூடாது."

"உல்லாசப் பயணம் போறமோ, ஒப்பரேசனுக்குப் போறமோ?" என்று சோபனா சோற்றுப் பாசல்களை வானில் ஏற்றிக்கொண்டே கேட்பார். ஆட்கள் சிரிப்பார்கள். இராகுலன் சிரிக்க மாட்டார்.

செருப்பு முறை தாங்கிகளில் இருந்து வந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அங்கே உள்ளே இறங்குபவர் தன் பெயர்த் தகட்டை வாசலில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கேட்டால் இராகுலனும் அப்படித்தான் சொல்வார்.

போன வருட வெயிலில் இராகுலன் வீட்டுக் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கிணறு துப்புரவாக்க சரீப் வந்தார். அதே ஒழுங்கையின் முடிவில் குடியிருப்பவர். கிணறுதான் அவருக்குத் தொழில். தண்ணீர் ஆழத்தில் கிடந்ததால் எண்ணெயில் ஓடும் வோட்டர் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டார். புகை மேலே வரவில்லை. உள்ளேயே தங்கிற்று. சேறு அள்ள இறங்கிய சரீப் சரிந்தார். மேலே நின்ற இராகுலனின் அப்பா குணரத்தினம் இறங்கினார். சரீப்பின் கக்கத்தடியில் கயிற்றைக் கட்டினார். மேலே கூடியவர்கள் இழுத்தார்கள். சரீப் வந்து சேர்ந்தார். கயிறு மறுபடி கீழே போனபோது அதைப் பிடிக்க அங்கே ஆளில்லை.

வேலையில் இருந்து ஓடிவந்த இராகுலன் படலையில் நின்று முதலில் கண்டது அப்பாவின் செருப்புகளை. கிணற்றுக்கட்டோரம் சோடியாக இருந்தன. ஏறி வந்ததும் கால் நுழைக்க வசதியாக, முனை வெளிப்பக்கம் பார்க்க.

அவர் அழுததை ஒழுங்கை காணவில்லை. ஏசியதைத்தான் கேட்டது. "எத்தினை தரம் சொன்னனான்! மேல நிக்கிறவன் இறங்கக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்! இறங்கேக்க என்னத்த யோசிச்சவர்? அறிவுள்ள மனிசன் செய்யிற வேலையோ இது?" எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் அதைத்தான் கேட்டார். சரீப்பை அவர் ஒரு சொல் ஏசவில்லை. ஒரு சொல் கதைக்கவும் இல்லை.

பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவது உண்மையில் அப்பாவின் வழக்கம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு தொடங்கியது. அவரிடம் திட்டம் ஏதும் கிடையாது. இருட்டுக்கு ஒரு ரோச், பிள்ளைகளுக்குக் கொடுக்கக் காற்சட்டைப் பையில் டொபி. "வாங்கோ பிள்ளையள், கல்லுக்குள்ள என்ன இருக்கெண்டு பாப்பம்" என்பார். போவார்கள். முழங்காலில் உரசலோடு திரும்பி வருவார்கள். அவர் இறந்த பிறகு, ஒரு நாள் பின்னேரம் இராகுலனின் மகள் மிதுஷா ஒழுங்கைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்து தகப்பன் முன்னால் நின்றாள்.

"அப்பப்பா நண்டுக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்டு சொன்னவர். இப்ப ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

அந்தக் குகையின் நடுவில் இடுக்கு ஒன்று உண்டு. நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தால்தான் அதைக் கடக்கலாம். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். ஏலாது என்று சொல்ல இராகுலன் வாய் திறந்தார். பிள்ளைகளின் பின்னால் சரீப்பின் மகள் ரிஸ்லா ஒரு காலைத் தூக்கி மறுகாலைச் சொறிந்துகொண்டு நின்றாள். "பாப்பம்" என்றுதான் வாயில் வந்தது. அன்றிரவு முதல் அவருக்கு நித்திரை இல்லை என்பது சோபனாவுக்கு மட்டும் தெரியும்.

வேறு சில சின்னக் குகைகளுக்குப் போய்வந்த பிறகே நண்டுக் குகைக்கு ஒப்புக்கொண்டார்.

சரீப்பின் வீட்டாரும் எல்லாப் பயணத்துக்கும் வருகிறார்கள். மனைவி ரபீக்கா கிழங்கு ரொட்டியோடு வந்து பெண்களோடு கலந்துவிடுவார். சரீப் வானின் கடைசி இருக்கையில் இருந்து வருவார். மலையில் எல்லோருக்கும் பின்னால் ஏறுவார். குகை வாயில் இருந்து தள்ளி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரும் கூப்பிடுவதில்லை.

நண்டுக் குகை மலையில் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொட்டியாரக் குடா முழுவதும் தகடுபோலத் தெரியும். ஆட்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். அந்த ஞாயிறு இராகுலன் கடலுக்கு முதுகைக் காட்டி, விசிலைக் கழுத்தில் மாட்டி, இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போன ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஓம்!" என்று பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகவில்லை. பதில் பிந்தினால் இன்னும் உரத்துக் கூப்பிட்டார். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்று பேய்போல ஊளையிட்டது. அவர் முகத்தைப் பார்த்த சோபனா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கியவர் குடிக்கவில்லை.

மதியம், கீழே மரத்தடியில் இருந்து ரபீக்கா சாப்பிடக் கூப்பிட்டார். பிள்ளைகள் சாக்கில் விழுந்தடித்துச் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். சோபனாவும் பின்னால் போனார். இராகுலன் கயிற்றைச் சுருட்டினார். அன்று முதல்முறையாக மூச்சு நெஞ்சுவரை இறங்கியது. சாக்கை மடிக்கக் குனிந்தார்.

சாக்கில் ஒரு செருப்பு இருந்தது.

சின்னது. ரோஸ் நிறம். வாரில் பிளாஸ்ரிக் ஸ்ரோபெரி.

"ஆர் உள்ளுக்கு?" என்றார். கல்தான் அதைத் திருப்பிச் சொன்னது. "பிள்ளை, ஆர்?"

காற்றில் குறையில்லை என்றது மீற்றர். இடுக்கில் கழுத்துச் சிக்கினால் மீற்றர் என்ன செய்யும்? தலை கல்லில் அடிபட்டால்? விசிலை ஊதினார். வழக்கம்போலத் தள்ளி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சரீப் ஓடிவந்தார். செருப்பைக் கண்டார்.

"அல்லாஹ்! இது என்ட புள்ளட."

சரீப் தலையைக் குனிந்து குகைக்குள் பாய்ந்தார். இராகுலன் பின்னால் இருந்து சேட்டுத் துணியைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன.

"நில்லுங்கோ நானா!"

அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்ட அதுதான் ஒரு வருடத்தில் சரீப்பிடம் அவர் சொன்ன முதல் சொல்.

"விடுங்க தம்பி! என்ட புள்ள!"

"வாசல்ல நில்லுங்கோ. என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கோ. நான் பதில் சொல்லாட்டியும் உள்ளுக்கு வரக்கூடாது. விளங்குதோ? வரக்கூடாது." விசிலைக் கழற்றிச் சரீப்பின் கழுத்தில் போட்டார்.

கீழே போய்ப் பிள்ளைகளை எண்ணிவிட்டு வரச் சொல்வதுதான் முறை. தாங்கிகளில் புதிதாக வருகிறவர்களுக்கு அவரே முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை. கால்கள் உள்ளே போய்விட்டிருந்தன.

முந்தின நாள் சோதிக்கையில் அங்குலம் அங்குலமாகப் போன இடுக்கில் இன்று தோலை உரித்துக்கொண்டு போனார். ரோச் கைநழுவிக் கல்லில் மோதி அணைந்தது. தேடவில்லை. முழங்காலில் இறங்கி இருட்டைத் தடவினார். வௌவால் புழுக்கை. ஈரம். டொபிக் கடதாசி. ஒரு சின்னக் கால் தட்டுப்படும், தட்டுப்படக்கூடாது, தட்டுப்பட வேண்டும் என்று தடவிக்கொண்டே போனார்.

"இராகுலன் தம்பி!"

"ஓம்."

"தம்பீ!"

"ஓம்."

கை ஒரு குளிர்ந்த கல்லில் நின்றது. இறங்குமுன் அப்பா என்ன யோசித்தார் என்று ஒரு வருடமாகக் கேட்டுவந்தார். இருட்டில் முழங்காலில் இருந்தவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. தான் எதையும் யோசிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வெளியே அவர் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது. பதில் சொல்ல மறந்துபோனார். குரல் கிழிந்தது. பிறகு விசில், நிறுத்தாமல்.

சரீப் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஊதிக்கொண்டே இருந்தார்.

பிறகு விசில் நின்றது. "புள்ள கீழதான் இருந்திருக்கு தம்பி! வெளிய வாங்க! வாங்க!"

ஊர்ந்து வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. விசில் கேட்டு எல்லோரும் ஏறி வந்திருந்தார்கள். ரிஸ்லா ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் பாதி கடித்த முட்டையுமாக நின்றாள்.

"செருப்ப ஏன்டி வச்சிட்டுப் போன?" ரபீக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சாப்பிட்டுட்டுத் திரும்பப் போகத்தானே உம்மா. முதலாவதா நான் போகவேணும். அதான் இடம் பிடிச்சு வச்சன்."

"என்னது?"

"வாப்பா கிண்ணியா பஸ்ஸில சீட் பிடிக்க, முகம் துடைக்கிற லேஞ்சிய யன்னலால போடுவாரே. அது மாதிரி."

சோபனாவிடம் இருந்து சிரிப்பு வெடித்தது. பாதியில் அது அழுகையாகி, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரபீக்கா கணவனைப் பார்த்து, "இனி லேஞ்சி போடுங்க, பாப்பம்" என்றார். சரீப் பொத்தான் இல்லாத சேட்டைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். கன்னம் நனைந்திருந்தது.

இராகுலன் ஒரு கல்லில் இருந்தார். முழங்கையில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. சரீப் கிட்ட வந்து சாக்கைக் காட்டினார்.

"உங்கட சப்பாத்த வைக்காம போய்ட்டீங்க தம்பி."

இராகுலன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"உங்கட ஐயா செருப்ப வச்சிட்டுத்தான் இறங்கினார்" என்றார் சரீப். "நான் கண் முழிச்சப்ப முன்னுக்கு இருந்தது அதுதான்."

காற்றில் சோற்றுப் பாசல்களின் வாழையிலை மணம் வந்தது. மிதுஷா மெதுவாக வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். கேட்கப் பயந்து கேட்டாள்.

"அப்பா, திரும்ப ஒருக்காப் போகலாமோ? ரிஸ்லாவும் நானும்?"

இராகுலன் குகை வாயைப் பார்த்தார். சரீப்பின் கழுத்தில் கிடந்த விசிலைப் பார்த்தார். பிறகு காலை மடித்து, இடது சப்பாத்தின் லேசை அவிழ்க்கத் தொடங்கினார். இறுக்கக் கட்டியிருந்த முடிச்சு இலேசில் அவிழவில்லை. அவிழ்ந்ததும் சப்பாத்தைக் கழற்றி, சாக்கில் ரோஸ் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, முனை வெளிப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தார்.