பேச்சியக்கா வெள்ளையடிக்காத சுவர்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நம் கிருத்திகைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒன்று நடந்தது. அதை இனியும் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டத்தனம்.

அவசரநிலை நடந்துகொண்டிருந்த காலம். போகிக்கு முந்தின நாள். உடும்பஞ்சோலை மலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில், தேனியில் பஸ் மாறும்போது என் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். யாரும் திருடவில்லை. தூக்கக் கலக்கத்தில் நானே விட்டது. திரும்பி ஓடினேன். பஸ் போய்விட்டது. பணிமனையில் போய்க் கேட்டேன். மறுநாளும் ஆள் விட்டுக் கேட்டோம். கிடைக்கவில்லை.

அந்தப் பையில் ஒரு நீலநிற நோட்டு இருந்தது. என் ஆறு மாத உழைப்பு அது.

அப்போது நான் பாலக்காட்டில் தாவரவியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு விவசாயம். உடும்பஞ்சோலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் அக்காவின் கணவர் மேற்பார்வையாளர். விடுமுறைக்கு அங்கே போனபோதுதான் ஏலச்செடிக்கு வரும் கட்டே நோயைப் பார்த்தேன். இலையில் வெளிர்பச்சைக் கோடு விழும். ஒரே வேரடியில் கூட்டமாக நிற்கும் செடிகளைத் தூர் என்பார்கள்; அது குறுகும். காய்ப்பு நின்றுவிடும். நோய் கண்ட தூரை உடனே பிடுங்கினால் பரவுவது எவ்வளவு குறையும் என்று பார்க்க நினைத்தேன். தோட்டத்தில் இரண்டு மூலைகளில் இருபது இருபது தூர் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பிடுங்குவது, மறுபக்கம் அப்படியே விடுவது.

மாதம் ஒரு தடவை நான் போய் எழுதுவேன். இடையில் வாராவாரம் செடிகளைப் பார்த்து வைத்து, நான் வரும்போது சொல்லும்படி அங்கே வேலை செய்த பேச்சியக்காவிடம் கேட்டிருந்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தை கடைசியில் திருச்சூரில் ஒரு கூட்டம். பட்டப்படிப்பு மாணவர்கள் தாங்களே செய்த ஆராய்ச்சியை அங்கே வாசிப்பார்கள். நன்றாகச் செய்தவர்களைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பயிற்சிக்கு அழைப்பார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து என் பெயர் போயிருந்தது. எங்கள் ஊரில் அந்த வழியில் போனவர் எவரும் இல்லை. எனக்கு அது ஒன்றுதான் கதவு. ஏனென்றால் அப்பா ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கும் நிலையில் இருந்தார்.

எங்கள் தாவரவியல் டீச்சர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். நினைவில் இருப்பதை வைத்து எழுதிவிடட்டுமா என்றும் கேட்டேன். அதைக் கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஞாபகத்துலேர்ந்து எழுதினா அது கதைடி, ஆராய்ச்சி ஆகாது," என்றார். "பத்து நாள் பார்ப்போம். இல்லேன்னா பேரை வாபஸ் வாங்கிண்டுடலாம்."

வீட்டில் பொங்கல் பொங்கிற்று. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத கண்ணு," என்றார் அப்பா. "போனது போச்சு. பரிச்சைய நல்லா எழுது. வைகாசில கண்ணாலத்த வெச்சுக்கலாம்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

விடியற்காலையில் குளித்துவிட்டுப் பழனியாண்டவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். "நோட்டைத் திருப்பிக் கொடு" என்று மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டேன். கேட்டதும் மனது கொஞ்சம் அடங்கியது. செடிகள் அங்கேதானே நிற்கின்றன, ஒரு தடவை போய்ப் பார் என்று தோன்றியது.

"ஏனுங்கப்பா, ஒருக்கா மலைக்குப் போயிட்டு வரலாமுங்களா?"

"நோட்டு அங்க இருக்குதா?"

"இல்லீங்க. செடியாச்சும் இருக்குதுங்க."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ் பழனியைத் தாண்டும்போது மலையைப் பார்த்து இருவரும் கும்பிட்டோம். போடி மெட்டு ஏறி உடும்பஞ்சோலை போய்ச் சேரும்போது பிற்பகலாகிவிட்டது. நேரே தோட்டத்துக்குப் போனோம். பேச்சியக்கா வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எந்த நோட்டு தாயி? நீங்க எளுதுவீகளே, அந்த நீல நோட்டா?"

"ஆமாங்க்கா."

"அதுல உள்ளது எங்க வீட்டுலயும் இருக்கே," என்றார். "வாங்க, வந்து பாருங்க."

ஆறு மாதம் போய் வந்தும் அவர் வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை. அவர் அழைக்காமல் இல்லை. நான்தான் போகவில்லை. அன்றுதான், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

உள்சுவர் முழுக்கக் கோடுகள். ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை. ஒரு வரிசையில் நாற்பது கோடு. நல்ல தூருக்குக் கரிக்கோடு. நோய் கண்டதற்குச் செம்மண் கோடு. பிடுங்கியதற்கு ஒரு சுழி. வரிசைகள் இடுப்பளவில் ஆரம்பித்துக் கூரை வரை போயிருந்தன.

"நமக்கு எளுத்துத் தெரியாதுல்லா," என்றார் அவர். "மறந்துட்டா நீங்க வாறப்ப என்னத்தச் சொல்ல? அதான் வாராவாரம் இளுத்து வச்சேன். போகிக்கு லயம் பூராவும் வெள்ளையடிச்சாக. இந்தச் செவத்தத் தொடாதீகன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாக."

நான் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோட்டு தொலைந்த அன்றைக்கு மறுநாள்தான் போகி. நான் படத்துக்கு முன்னால் அழத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சுவரைக் காப்பாற்றி வைத்துவிட்டான் முருகன்.

இரண்டு நாள் அங்கேயே இருந்து படியெடுத்தோம். அப்பா சுவரருகே நின்று, "கரி, கரி, செம்மண்ணு, கரி" என்று படித்தார். நான் எழுதினேன். பேச்சியக்கா வரிசை தப்பாமல் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பஸ் போடிக்கு வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அந்த மாப்ள ஊட்டுக்கு இப்பத்திக்கு இல்லீன்னு சொல்லிப்போடறேன். நீ படி கண்ணு."

முதல் மூன்று மாதத்துக்கான அட்டவணையை நான் முன்பே டீச்சரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதையும் சுவரின் படியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரே ஒரு தூரில் மட்டும் வேறுபாடு. யோசித்துப் பார்த்தபோது தவறு என்னுடையது. பச்சையாக நிற்பதை இந்தத் தடவை நான் கண்ணாலேயே பார்த்து வந்த தூர் அது. நல்ல தூரை நோய் கண்டதென்று மாற்றி எழுதியிருந்தேன்.

"உன் பேருக்குக் கீழே அந்தம்மா பேரையும் எழுது," என்றார் டீச்சர்.

திருச்சூரில் என் முறை வந்தது. வாசித்து முடித்தேன். மூலப் பதிவு எங்கே என்று நடுவர் ஒருவர் கேட்டார். தோட்டத் தொழிலாளி வீட்டுச் சுவரில் என்று மறைக்காமல் சொன்னேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேச்சியக்கா சொன்னதையும் சேர்த்து என் நோட்டில் நான் எழுதியது மாதத்துக்கு ஒரு பதிவுதான். சுவரிலோ வாரத்துக்கு ஒன்று. நோய் கண்ட தூரிலிருந்து அடுத்த தூருக்கு எத்தனை வாரத்தில் போகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பற்றியே வெகுநேரம் கேட்டார்.

பரிசு எனக்குக் கிடைக்கவில்லை. பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. அந்த நடுவர் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தை அப்பாதான் முதலில் பிரித்தார். ஆங்கிலம் தெரியாததால் என் கையில் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பயிற்சி மேற்படிப்புக்கு வழிவிட்டது. பயிர்நோய் ஆராய்ச்சியே என் வாழ்நாள் வேலையாயிற்று. கல்யாணமும் அதன் காலத்தில் நடந்தது.

அன்று முதல் எந்த ஊரில் ஆய்வுக்குப் போனாலும், உடன் வேலை செய்கிறவர் வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நான் திரும்பியதில்லை. முருகன் எனக்குக் கொடுத்த பாடமாகவே அதை வைத்திருக்கிறேன்.

உங்களிலும் பலர் எதையோ தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கலங்கலாம். அவனிடம் கேளுங்கள். இதைத்தான் கொடு என்று பிடிவாதம் பிடிக்காமல், என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். போ என்று மனதில் பட்டால் உட்கார்ந்திருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும் இடத்தில் அவன் உங்களுக்கு முன்பே வந்திருப்பான்.