மாப்பிள்ளைக்கு விழுந்த அடி

எங்கள் குடும்பத்தில் ஒருவர் எதையாவது சாதித்தால், அதைக் கொண்டாடப் போன இடத்தில் இன்னொருவர் அடி வாங்குவார். நான் குர்ஆன் ஓதி முடித்ததற்காக ஒலுவில் கடற்கரைக்குப் போனோம். அங்கே வாப்பாவும் அவருடைய தம்பியும் ஒரு பேச்சு முற்றிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வாப்பா புதிதாக வயல் வாங்கியதற்காகப் பொத்துவிலுக்குப் போனோம். நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன் என்று அவர் என்னை ஈரக் கயிற்றால் விளாசினார். எல்லாம் ஆகஸ்ட் விடுமுறையில், கச்சான் காற்று முகத்தில் நெருப்பை அள்ளிக் கொட்டுகிற நாட்களில் நடந்தவை. வெயில்தான் காரணம் என்பார் உம்மா. வெயிலாவது மண்ணாங்கட்டியாவது! எங்கள் ரத்தம் அப்படி.

எனக்குக் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழக இடம், கிடைத்த வருடம், எழுபதுகளின் கடைசியில், சாகாமக் குளத்துக்குப் போனோம். எங்கள் தெருவிலிருந்து கெம்பஸுக்குப் போகும் முதல் ஆள் நான். கடிதம் வந்த அன்றே வாப்பா ஒரு கிடாயை விலை பேசிவிட்டார். நான் என் கூட்டாளிமார் மூன்று பேரையும் அழைத்தேன். மச்சான் தன் உழவு மெசினையும் அதன் பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டியையும் கொண்டு வந்தார். மெசினை அவர் ஓட்ட, பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி நாங்களும் கிடாயும் பானை சட்டிகளும் ஏறிக்கொண்டோம்.

மச்சான் என்பது ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவர். ராத்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி அதற்குள் ஒதுங்குவார்கள். ராத்தாவின் கல்யாணத்தோடு வாப்பா, உம்மா, நான் மூவரும் அப்படித்தான் பின்னுக்குப் போனோம். கல்வீடு ராத்தாவுக்கு, அதில் ராஜா மச்சான்.

ராஜா என்றால் ராஜாதான். வெளியில் ஆள் தங்கம், சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார், என் கூட்டாளிமாருக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். வீட்டுக்குள் ராத்தாவை அடிப்பார். தேத்தண்ணீர் ஆறிப்போனதற்கு அடிப்பார், பக்கத்து வீட்டில் கதைத்துக்கொண்டு நின்றதற்கு அடிப்பார். ராத்தா கிணற்றடியில் குளிக்கும்போது முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வாள். எங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டால், ஒரு மாப்பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியாத குடும்பம் என்று ஊர் காறித் துப்பும், ராத்தா வாழாவெட்டியாகிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் அவருக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வதே வாப்பாவின் முழுநேர வேலையாக இருந்தது.

குளக்கட்டில் மருத மரங்களுக்குக் கீழே இறங்கினோம். மச்சான்தான் கிடாயை அறுத்தார். அது திமிறி ஒரு கூட்டாளியின் முழங்காலில் உதைக்க, மச்சான் அதன் மேல் முழங்காலை ஊன்றி அமுக்கி, பிஸ்மில் சொல்லி ஒரே இழுப்பில் முடித்தார். தோலை உரிக்கையில் பாட்டுப் பாடினார். ராத்தாவும் உம்மாவும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். காற்று நாலா பக்கமும் சுழற்றியடித்தது. ராத்தா தன் முக்காட்டை விரித்து அடுப்புக்கு மறைப்புப் பிடித்தபடியே சமைத்தாள். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது.

சோறு சகனில் வந்தது. சகன் என்பது ஐந்தாறு பேர் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. வாப்பா, மச்சான், நான், என் கூட்டாளிமார் மூவர் என ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். வழக்கம்போல ஈரல் துண்டை வாப்பா மாப்பிள்ளையின் பக்கம் தள்ளி வைத்தார். கெம்பஸ் கிடைத்தது எனக்கு, ஈரல் மாப்பிள்ளைக்கு. மச்சான் முதல் கவளத்தை வாயில் போட்டார். நறுக்கென்று ஒரு சத்தம். அடித்த காற்றுக்கு மண் விழாமல் இருக்குமா?

அவர் துப்பினார். எழுந்தார். அடுப்படியில் குந்தியிருந்த ராத்தாவின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி, அதாலேயே அவளுடைய கன்னத்தில் அடித்தார். பிறகு தலையில், பிறகு மறைக்கத் தூக்கிய கையில். அகப்பை முறிந்தது. முறிந்த பிறகு கையால் அடித்தார். ராத்தா சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் அடி வாங்கப் பழகியிருந்தாள் என்பது அப்போதுதான் கூட்டாளிமாருக்கும் தெரிந்தது.

வாப்பா இருந்த இடத்திலிருந்தே, வேறு சோறு போடச் சொல்கிறேன், வந்து உட்காருங்கள் என்று மாப்பிள்ளையைக் கெஞ்சினார். உம்மா ராத்தாவை அங்கால் போகச் சொன்னார். நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. கூட்டாளிமார் எடுத்துவிட்டார்கள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் மெல்லச் சொன்னான்.

"ஒன்ட ராத்தாக்குத்தானேடா அடிக்கார்."

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறியது. அடுப்பிலிருந்து எரிகிற விறகொன்றை உருவி மச்சானின் நெற்றியில் போட்டேன். தீப்பொறி பறந்தது. புருவம் பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் தடுமாறி நிமிர்வதற்குள் இன்னொன்று, தோளில். பிறகு அவருடைய முறை. என்னைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கிடாயை அமுக்கியதுபோலவே முழங்காலை நெஞ்சில் ஊன்றினார். கூட்டாளிமார் மூவரும் சேர்ந்துதான் அவரை இழுத்தெடுத்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்ததும் வாப்பா செருப்பைக் கழற்றி என் முகத்தில் மாறி மாறி அடித்தார்.

"மாப்பிள்ளைக்குக் கை நீட்டுவியாடா? ராத்தாட வாழ்க்கையைக் குடிச்சிட்டியேடா."

மச்சான் நெற்றியைச் உடுத்திருந்த சாரத்தால் அழுத்தியபடி மெசினடிக்குப் போனார். கொளுக்கியைக் கழற்றி, பெட்டியைக் குளக்கட்டிலேயே விட்டுவிட்டு, மெசினை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு நாங்கள் பிரதான வீதி வரை நடந்து பஸ் பிடித்தோம். ராத்தாவின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. பஸ்ஸில் என் கூட்டாளிமார் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு விலா எலும்பு குத்தியது, ஆனாலும் உள்ளுக்குள் பெருமை பொங்கியது. பொய் சொல்லி என்ன? ஆம்பிளையாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாப்பா மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே எங்கள் குடி மரைக்காரும் வந்தார். குடும்பத் தகராறுகளைத் தீர்க்கிறவர் அவர்தான். பேச்சு முதலே முடிந்திருந்தது. நான் மச்சானின் கையைப் பிடித்து மாப்புக் கேட்க வேண்டும், அவர் மன்னித்து வீட்டுக்குள் ஏறுவார். மச்சானின் நெற்றியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அவர் வாசல் படியில் காலை வைத்தார். ராத்தா நிலைக்கு நடுவே நின்றாள்.

"இது என்ட ஊடு. இவர் இனி இதுக்குள்ள வரப்படா."

தம்பியின் மேலுள்ள கோபத்தில் பேசாதே, அவன் மாப்புக் கேட்பான் என்று மரைக்கார் நயமாகச் சொன்னார். ராத்தா அசையவில்லை. வீட்டின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதென்று அவரிடமே கேட்டாள். அவர் தாடியைத் தடவினார். மச்சான் முறைத்தார், ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு படலையைத் திறந்துகொண்டு போனார். எத்தனையோ நாள் எங்களை நடுங்க வைத்த மனிதர் போக ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

நான் ராத்தாவின் அருகில் போனேன். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"நீ எனக்காக அடிக்கல்ல தம்பி. மூணு வருசமாப் பின்னுக்குத்தானே படுத்த? ஒனக்குக் கேக்கல்லயா? கூட்டாளிமார் பாத்தவுடனதான் ஒனக்கு ரோசம் வந்த."

சாய்ப்பில் என் பாய்க்கும் அவர்களுடைய அறைக்கும் இடையில் ஒற்றைக் கல் சுவர்தான். ஒவ்வோர் அடியும் கேட்டது. அடி விழத் தொடங்கினால் புத்தகத்தை மூடமாட்டேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு தொடர்ந்து படிப்பேன். அப்படிப் படித்துத்தான் கெம்பஸுக்கான சோதினையில் பாஸானேன்.