தோப்ரிலா அறிவித்த வியாழக்கிழமை

தோப்ரிலாவுக்கு வாய் நீளம். புருஷன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பாதபோது, "மீனுக்கு ஆம்பிளை யாரு, பொம்பளை யாருன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் விட்டுப்போன படகைத் தானே கடலுக்கு ஓட்டியவள். முப்பது வருஷமாகத் தீவுக்கு மத்தி மீன் போடுகிறாள். அத்ரியாட்டிக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட அரசாங்கம் கம்பெனிகளைக் கூப்பிட்டபோது, தீவில் முதல் குரல் அவளுடையதுதான்.

எதிர்க்குரல் பார்த்துலுடையது. தீவின் ஒரே டாக்ஸி வேன் அவனுடையது. காலையில் காபிக் கடையில் இருவரும் மோதாவிட்டால் யாருக்கும் காபி இறங்காது.

"தோண்டினா டீசல் விலை சரியும்டி! உன் மத்தி மீனையா டேங்குல ஊத்த முடியும்?"

"நார்வேக்காரன் கடல் முழுக்கக் கிணறு வெச்சிருக்கான். பம்புல அவன் நம்மளவிட அதிகம்தான் குடுக்குறான். உனக்கு மட்டும் இலவசமா ஊத்துவாங்களாக்கும்?"

இப்படிக் கத்துவார்களே தவிர, இருவர் வண்டியிலும் ஓடியது ஒரே டீசல். படகுக்கும் உழவு வண்டிக்கும் மட்டும் அரசாங்கம் பாதி விலைக்குத் தருகிற, அடையாளத்துக்கு நீலச்சாயம் கலந்த டீசல். தோப்ரிலா தன் படகுக்கு வாங்குவாள். தன் பழைய காருக்குக் கொஞ்சம், பார்த்துலின் வேனுக்குக் கொஞ்சம் ஊற்றுவாள். தீவில் இதைச் செய்யாதவர் பாதிரியார் ஒருவர்தான். அவரிடம் சைக்கிள்தான் இருந்தது. ஆனால் பிடிபட்டால் படகுக்கான டீசல் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். முழு விலை கொடுத்து அவளால் துறைமுகத்தைத் தாண்டக்கூட முடியாது. அந்தப் பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

இதைச் சோதிக்கிற சுங்க அதிகாரி வியாழக்கிழமைதான் வருவார். கப்பல் கிளம்பியதுமே அதில் வேலை பார்க்கும் மாலுமி காபிக் கடைக்குப் போன் போட்டுவிடுவான். கப்பல் கரை சேர்வதற்குள் தீவின் கார்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் சீக்கு வந்துவிடும். ஓடுகிற வண்டியை மறித்துத்தானே அவர் டேங்கில் குழாய் விட முடியும்?

அந்த வியாழக்கிழமை கிணறு பற்றிக் கருத்துக் கேட்கத் தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும், டிவிக்காரப் பெண்ணும் வந்தார்கள். அதே கப்பலில் சுங்க அதிகாரியும் இருந்தார். போன் வந்துவிட்டது. வேறு வழியில்லை, மேல் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் வெயிலில் எல்லாரும் நடந்தே தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு வந்தார்கள். பார்த்துல் தன் மாமியாரை ஆலிவ் மூட்டை சுமக்கும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். குழிக்குக் குழி மாமியார் அவன் வம்சத்தையே திட்டினாள்.

டிவிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு கார்கூட ஓடலையே! எண்ணெய் வேணாம்னு தீவே நடந்து வந்திருக்கீங்களா?"

மண்டபத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்தபடி சுங்க அதிகாரி, சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார். இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் கார் ஓடவில்லை என்ற கேள்வி வரும்.

"ஆமாம்மா," என்றாள் தோப்ரிலா.

மைக் பார்த்துலிடம் போனது. "நீங்களும் கடலுக்காகத்தானா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். "ஆ... ஆமா. கடலுக்காகத்தான்."

"பொய்," என்றாள் தள்ளுவண்டியிலிருந்த மாமியார். "இவனுக்குக் கப்பல்ல ஏறினாலே வாந்தி."

கைதட்டலில் அது அமுங்கிப்போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைதட்டல் கேட்டால் தோப்ரிலாவின் வாய் நிற்குமா? "இன்னைக்கு மட்டும் இல்லம்மா, இனிமே ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தத் தீவுல கார் ஓடாது!" சுங்கத் தொல்லையும் ஒழிந்தது, புகழும் வந்தது என்று அவளுக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் கப்பலடியில் சுங்க அதிகாரி அவளிடம் வந்தார். "அக்கா, பிரமாதமாப் பேசினீங்க. வியாழக்கிழமை வண்டியே ஓடாதுன்னா, எனக்கு அன்னைக்கு இங்க வேலையே இல்லை."

"ஆமா தம்பி. எதுக்கு வீணா அலையணும்?"

"அதான். இனிமே மத்த நாள்ல வரேன்," என்றார் அவர். "கப்பல்லயும் இல்லை. எங்க ஆபீஸ் படகுலயே வந்துடுறேன்."

எந்த நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிரவே தீவில் எல்லா டேங்கிலிருந்தும் நீல டீசலை இறக்கிக் காலி செய்தார்கள். மறுநாள் பம்புக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டு, முக்கால்வாசிப் பேர் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். பார்த்துல் கட்டணத்தை இரட்டிப்பாக்கினான். அவன் வேனில் ஏற அவன் மாமியாரே மறுத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து டிவிப் பெண் போன் செய்தாள். "ஏழு நாளும் நடக்கிறீங்களாமே! கடல் மேல அவ்வளவு பாசமா அக்கா?"

டீசல் அட்டை தோப்ரிலாவின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. இரண்டு கால்களும் வெந்நீர் வாளிக்குள் இருந்தன. எதிரே அதே வாளிக்காகச் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்துல் உட்கார்ந்திருந்தான்.

சொல்ல எவ்வளவோ இருந்தும், வாழ்க்கையில் முதல்முறையாக அவள், "ஆமா கண்ணு," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.