நாத்தனாருக்கு வீடு பார்த்த பூவம்மாள்

காரை விட்டு இறங்கியதும் பூவம்மாள் முன்வாசலுக்குப் போகமாட்டாள். பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைப்புறம் போவாள். யாராவது பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, ஆபீஸ் ரூம் இந்தப் பக்கம்" என்றால், "காலு கழுவிக்கினு வந்தர்றேன் கண்ணு, தண்ணி எங்க இருக்குது?" என்பாள். கால் கழுவ வேண்டாம் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு சாக்கில், கொடியில் காயும் துணி, சாக்கடை போகும் வழி, பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கொட்டிக்கிடக்கும் மிச்சச் சோறு எல்லாவற்றையும் நோட்டம் விட்டுவிடுவாள். கடைசியில் காலையும் கழுவிக்கொள்வாள். பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாது பாருங்கள்.

இது கல்யாணக் காரியங்களில் அவள் கற்றுக்கொண்ட வித்தை. பாரூர் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிற அவளுடைய சொந்தக்காரர்கள் யாருக்கும், பூவம்மாளை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகத் தைரியம் கிடையாது. அவள் தரகர் அல்ல, கூப்பிட்டால் போவாள், அவ்வளவுதான். கூப்பிடாவிட்டால் ஒரு வருஷம் பேசமாட்டாள். பெண்ணின் அப்பன் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பான், மாமன் நிலம் எவ்வளவு என்று கேட்பான். பூவம்மாள் எதையும் கேட்கமாட்டாள். அந்த வீட்டு மருமகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மட்டும் பார்ப்பாள். வீடு பிடிக்காவிட்டால் கை நனைக்கமாட்டாள், ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. காப்பித் தம்ளர் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்து ஆட்களும் பேச்சை விட்டுவிட்டு அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் எடுத்துக் குடித்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இதில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

இந்த வருஷம் அவள் வீடு பார்க்கக் கிளம்பியது கல்யாணப் பெண்ணுக்கு அல்ல. எழுபதைத் தாண்டிய நாத்தனாருக்கு.

நாத்தனார் பெயர் செல்லி. பூவம்மாளின் கணவர் வெங்கடப்பனுக்கு அக்கா, அவளுக்கு அண்ணி முறை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பூவம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. தீபாவளிக்கு எடுத்த புடவையில் எது யாருக்கு என்பதில் தொடங்கி, மாட்டுக்கு எத்தனை வாளி தண்ணீர் காட்டுவது என்பதுவரை, அவர்கள் சண்டை போடாத விஷயம் கிடையாது. வெங்கடப்பன் இரண்டு பக்கமும் தலையாட்டியே காலத்தைத் தள்ளிவிட்டார்.

செல்லிக்கு மறதி வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் சோறு போடல" என்பாள். போட்டாச்சு என்றால் தெருவுக்குப் போய், "எந்தம்பி பொண்டாட்டி என்னப் பட்டினி போடறா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவாள். பூவம்மாள் அதையும் ஒரு சண்டையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டாள். "வேணும்னே பண்றாங்க, என் மானத்த வாங்க" என்று ஒரு வருஷம் பதிலுக்குப் பதில் பேசியும் பார்த்தாள். கிருஷ்ணகிரி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இது மூளையைத் தேய்க்கிற நோய், போனது திரும்பி வராது என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினாள்.

அப்புறம் செல்லி நடக்க ஆரம்பித்தாள். தன் வீட்டில் நின்றுகொண்டே, "எங்க ஊட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவாள். போன புரட்டாசியில் ஒரு மத்தியானம், கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளை நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரையேற்றினார்கள். அக்காவைப் பிடிக்க ஓடிய வெங்கடப்பன் வரப்பில் விழுந்து தோளில் கட்டுப் போட்டுக்கொண்டார். பூவம்மாளுக்கு முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது. மகன் விஜயகுமார் ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். அவன் வந்து உட்கார்ந்து, "மா, அடுத்த தடவ அத்தை தண்ணில போனா நம்மால எடுக்க முடியாது. இதுக்குன்னே ஹோம் இருக்குது" என்றான்.

வெங்கடப்பன் தலையாட்டவில்லை. பூவம்மாளைப் பார்த்தார். அவள், "நாம் பாத்துச் சொல்ற ஊட்டுலதான் வுடணும்" என்றாள்.

விஜயகுமார் போனைத் தடவி, எந்த ஹோமுக்கு எத்தனை நட்சத்திரம் என்று வாசித்துக் காட்டினான். "நட்சத்திரம் போட்டவன் அங்க போயிப் படுத்து எந்திரிச்சானா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அவள் அங்கேயே முடித்துவிட்டாள்.

முதலில் பார்த்தது ஓசூர் சிப்காட் பக்கத்தில், நான்கு மாடிக் கட்டடம். லிப்ட் உண்டு. கொல்லைப்புறம் சுத்தமாக இருந்தது. மேனேஜர், "அம்மாவுக்கு என்ன பிரச்சனை?" என்று விசாரித்தார். பூவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்கண்ணிக்கு ஒரு கொறையும் இல்லிங்க. வயசாயிருச்சி, அவ்ளோதான். தங்கமான கொணம். வெச்ச எடத்துல இருப்பாங்க" என்றாள். விஜயகுமார் வாயைத் திறந்தான். மேசைக்கடியில் அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்ணுக்குக் கோபம் வரும், பெண்ணுக்குக் காது மந்தம் என்றெல்லாம் சம்பந்தி வீட்டில் போய் அவள் வாயால் சொன்னதே கிடையாது. "கொறையச் சொல்லிப் பொண்ணு குடுப்பாங்களா? கட்டிக்கினு போனா அவங்களே தெரிஞ்சிக்குவாங்க" என்பது அவள் கொள்கை. காப்பியையும் குடித்துவிட்டாள்.

செல்லியைக் கொண்டுபோய் விட்ட மறுநாளே போன் வந்தது. வெச்ச இடத்தில் இருக்கிற செல்லி, பால்காரருக்காகத் திறந்த கதவு வழியாக வெளியே வந்து, சாலையில் யூனிபார்ம் கோட்டோடு கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற பெண்களோடு வரிசையில் நின்று, அவர்களோடு பஸ்ஸிலும் ஏறிவிட்டாள். உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எழுந்து இடம்கூடக் கொடுத்திருக்கிறாள். கம்பெனி கேட்டில் அடையாள அட்டை இல்லையென்று நிறுத்தியபோது, "நாத்து நட வந்தேன் சாமி" என்று செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறாள். பூவம்மாளும் மகனும் போய்ச் சேர்ந்தபோது அவள் செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை.

"இப்படி மறைச்சிட்டீங்களேம்மா" என்றார் மேனேஜர். "நடந்துபோற பேஷண்ட்ட பாத்துக்க எங்ககிட்ட ஆள் இல்ல. சொல்லியிருந்தா நாங்க எடுத்திருக்கவே மாட்டோம்."

"அதுக்குத்தான் சொல்லல" என்று பூவம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் திரும்பி வரும்போது, லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகிற அந்த நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சூளகிரி தாண்டும்வரை செல்லியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அன்று அவள் நிஜமாகவே பயந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு பார்ப்பது முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. விஜயகுமாரின் லீவெல்லாம் கரைந்தது. ஒரு ஹோமில் சமையலறையே இல்லை, சாப்பாடு வேனில் வருகிறது. "அடுப்பு இல்லாத ஊட்டுல ஆரு இருப்பா?" இன்னொன்றில் எல்லாக் கிழவிகளுக்கும் ஒரே நிற நைட்டி. "ஆரு துணி ஆருதுன்னு தெரியாதவங்களுக்கு ஆளு மட்டும் அடையாளம் தெரியுமா?" மூன்றாவதில் குறையென்று எதுவுமே இல்லை. முதலாளி அளவுக்கு மேல் இனிக்க இனிக்கப் பேசினார். அது போதாதா? வெளியே வந்ததும், "இவன் மொதப் பொண்டாட்டி எங்க?" என்றாள்.

"மா, நாம ஹோம் பாக்க வந்திருக்கறோம்."

"நானும் அதான்டா பாக்கறேன்."

ராயக்கோட்டைச் சாலையில், மாந்தோப்புக்கு நடுவில் இருந்த வீட்டை விஜயகுமார் நம்பிக்கையில்லாமல்தான் காட்டினான். ஓட்டுக் கூரை, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு வேலி. அந்த ஹோமைப் பார்த்துக்கொள்கிற சுமலதா போனில் கன்னடத்திலும், சமையல்காரியிடம் தெலுங்கிலும், இவர்களிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் வழக்கம்போலக் கால் கழுவப் போனாள். குழாயடியில் ஒரு பெரியவர் தம்ளர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் கழுவினார். பக்கத்தில் ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தம்ளரைப் பிடுங்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. அவர் நீட்டிய தம்ளரை வாங்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்குது தாத்தா" என்று திருப்பிக் கொடுத்தாள். பெரியவருக்கு முகமெல்லாம் திருப்தி. பூவம்மாள் கால் கழுவ மறந்து திரும்பி வந்தாள்.

"சொல்லுங்கம்மா, யாருக்குப் பாக்கறீங்க? எப்படி இருப்பாங்க?" என்றாள் சுமலதா.

"எங்கண்ணிக்கு. தங்கமான..." என்று ஆரம்பித்த பூவம்மாள் நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் வாழ்நாளில் முதல்முறையாக, பெண்ணின் குறைகளைச் சம்பந்தி வீட்டில் சொன்னாள். "ஓடிருவாங்க. கதவு தெறந்திருந்தாப் போதும். தின்னுட்டுத் திங்கலம்பாங்க. குளிப்பாட்டுனா கடிப்பாங்க, இங்க பாரு தழும்பு. படுக்கையிலியே போயிருவாங்க. என்னத் திருடிம்பாங்க." அத்தோடு நின்றிருக்கலாம். மடை திறந்த பிறகு யார் நிறுத்துவது? வளைகாப்புக்கு வந்த வளையல்களில் நல்ல ஜோடியைச் செல்லி எடுத்துக்கொண்டது, எருமை செத்ததற்குத் தன்னைப் பழி சொன்னது, மகனுக்குத் தன்னைக் கேட்காமல் பெயர் வைத்தது என்று மொத்தக் கணக்கும் வெளியே வந்தது. தன் பெயர் அத்தை வைத்தது என்பது விஜயகுமாருக்கே அன்றுதான் தெரியும்.

சுமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரிம்மா. அவங்களுக்கு என்ன குடுத்தா புடிக்கும்?"

பூவம்மாள் யோசிக்கவே இல்லை. "ராகிக் களியும் கீரைக் கடையலும். களி சூடா இருக்கோணும், ஆறிப்போனா தட்டத் தள்ளிருவாங்க. தலைக்கு வெந்நி ஊத்தறப்ப மூஞ்சில படக்கூடாது, பட்டாத்தான் கடிக்கறது. வெளக்க அணைச்சா பயந்துக்குவாங்க. கிட்டத்துல ஆராவது படுத்திருக்கோணும், மூச்சு சத்தம் கேட்டாத் தூங்கிருவாங்க."

"வீட்ல யாரு கிட்டப் படுக்கறது?"

"நாந்தான். வேற ஆரு?" என்றாள், கேட்கவேண்டிய கேள்வியா இது என்பது போல.

"எடுத்துக்கறோம்மா. இங்க இருக்கறவங்க எல்லாருமே இப்படித்தான். கிட்டத்துல படுக்க ராத்திரிக்கும் ஆளு உண்டு."

காப்பி ஆறி, ஆடை படிந்து கிடந்தது. பூவம்மாள் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, தம்ளரைக் கவிழ்க்கிறவரை குடித்தாள். விஜயகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுமலதாவுக்கு எதுவும் புரியவில்லை. இன்னொரு காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

செவ்வாய், சனி தள்ளி, நல்ல நேரம் பார்த்து ஒரு புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். பூவம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஹோமில் அப்படி யாரும் வந்து பார்த்ததில்லை. வெங்கடப்பன் காரை விட்டு இறங்கவே இல்லை. தோள் வலிக்கிறது என்றார், துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

செல்லி புதுப்புடவையில் விறைப்பாக நடந்து வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தோப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு சுமலதாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல ஊடுதான்" என்றாள்.

பூவம்மாள் சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். "அண்ணி, நீங்க இங்க..." என்று தொடங்குவதற்குள் செல்லி அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை இழுத்துக்கொண்டுபோய்ச் சுமலதாவின் கைக்குள் வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள்.

"தாயில்லாம வளந்த புள்ளம்மா. வாய் கொஞ்சம் நீளம், மனசுல ஒண்ணுங் கெடையாது. திட்டாம வெச்சிக்கோங்க" என்றாள். பூவம்மாளிடம், "அழுவாத பூவு. ஆடிக்கு வந்து கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

பெண்ணைக் கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும் என்பது முறை. செல்லி முறைப்படி வாசலைப் பார்த்து நடந்தாள். பூவம்மாள், சுமலதாவின் கையிலிருந்த தன் கையை எடுக்காமலே, மற்றக் கையை நீட்டி நாத்தனாரின் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.