மூக்கு, தாடை, நெற்றி

என் தாய்மாமாவுக்குத் தூரப் பார்வை போய்விட்டது என்பதை அந்தத் தோட்டத்தில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு மழை பெய்தால் மட்டும் போயிருக்கிறேன், அதுவும் தாழ்வாரம் வரைக்கும். அம்மாவுக்கு முன்பே தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அதனால் கண்டுபிடித்த பெருமை எனக்கே இருக்கட்டும். எழுபது வருஷமாக அதைச் சுமக்கிறேன், வேண்டுமென்று கேட்டு வந்தவர் யாருமில்லை.

சிங்கப்பூருக்கு வடக்கே, ஸ்கூடாயிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்த காலம். மாதா மாதம் ஆபீஸ் கதவில் ஒரு லிஸ்ட் ஒட்டுவார்கள். பெயர் வந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. மாமா வேலை பார்த்த தோட்டம் மூடிப்போய், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டில் வந்து ஒண்டியிருந்தார். வேலையில்லாமல் தங்கியிருப்பவர்களைத்தான் லிஸ்டில் முதலில் ஏற்றுவார்கள். ஊரில் அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு புளியமரம் இருந்தது, அதையும் பங்காளி வெட்டி விற்றுவிட்டதாகக் கேள்வி.

அப்பா துரை பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர். துரைக்கு ஒரு வியாதி இருந்தது, அதற்கு மருந்து சிங்கப்பூரிலும் கிடைக்கவில்லை. தெப்ராவ் பக்கம் துரைமார் கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை பிஸ்டல் போட்டி நடக்கும். இருபது கஜத்தில் அட்டை, அட்டை நடுவே கறுப்பு வட்டம். மூன்று வருஷமாகப் பக்கத்துத் தோட்டத்துத் துரைதான் கோப்பையை வாங்கினார். எங்கள் துரை சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாள சார்ஜன்ட் வந்தார். இரண்டு நாள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, மூன்றாம் நாள் விஸ்கியைக் குடித்துவிட்டுக் கோழிக்கூண்டைச் சுட்டார். அப்பா அன்று ராத்திரி செத்த கோழிகளையே குழம்பு வைத்து அவருக்குப் பரிமாறினார். அடுத்து வந்தவர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். அவர் எத்தனை பக்கம் புரட்டியும் துரை சுட்டதெல்லாம் அட்டைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் போய் விழுந்தது.

அப்பாதான் தட்டை எடுக்கும் சாக்கில் பேச்சை எடுத்திருக்கிறார்.

"என் மச்சான் ஒருத்தரு இருக்காருங்க தொரை. சண்டையில பட்டாளத்துல இருந்தவரு. பிஸ்டலு சொல்லிக்குடுத்த ஆளு."

"பேப்பர் இருக்கா?"

"இருக்குங்க."

இருந்தது. தகரக் குழாயில் சுருட்டி, வேப்பிலை போட்டு வைத்திருந்தார் மாமா. துரை வாசித்தார். வாசித்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். அந்தத் தோட்டத்தில் ஒரு தமிழனுக்காகத் துரை நாற்காலியை விட்டு எழுந்தது அதுதான் முதலும் கடைசியும் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கப் வந்தா ஒனக்கு இங்க வேலை. வரல்லே, கப்பல்" என்றார் துரை.

மாமா பொய் ஆள் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வித்தை தெரியும். முதல் பத்து நாள் துரை கையில் பிஸ்டலையே கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்தபடி நிற்கச் சொன்னார். பிறகு பிஸ்டலைக் கொடுத்தார், தோட்டா இல்லாமல். குழல் மேல் ஒரு காசை வைத்து, காசு விழாமல் விசையை அமுக்கச் சொன்னார். "இழுக்காதீங்க தொரை. பழுத்த பழத்தை அமுக்கிப் பாக்குற மாதிரி அமுக்குங்க." குழல் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு இரும்புப் பல் நிற்கும். கற்பூரம் கொளுத்தி அந்தப் பல்லுக்குக் கரி ஏற்றுவார், வெயிலில் மின்னாமல் இருக்க. துரை அதைப் பூஜை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். மாமாவும் அதைத் திருத்தவில்லை.

அவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். "அட்டையப் பாக்காதீங்க. பல்லப் பாருங்க. அட்டை மங்கலாத்தான் தெரியணும்."

பக்கத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். குறியைப் பார்க்காமல் சுடச் சொல்கிற வாத்தியார்! ஆனால் துரையின் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மண்மேட்டை விட்டு அட்டைக்குள் குடியேறின.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஐந்து தோட்டா சுட்டதும் நான் ஓடிப்போய், ஓட்டை எங்கே விழுந்தது என்று கத்திச் சொல்லிவிட்டு, சோற்றுப் பசையால் காகிதத் துண்டு ஒட்டி அதை மூட வேண்டும். துரைமார் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்களாம். எனக்கு மணி பார்க்கத் தெரியாது. அதனால் மாமா அட்டையை ஒரு முகமாக்கினார். நடுவட்டம் மூக்கு. மேலே நெற்றி, கீழே தாடை, இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது. "தொரை, மூக்கு ரெண்டு, காது ஒண்ணு, தாடை ரெண்டு!" என்று நான் கத்துவேன். துரைக்கும் அது பழகிவிட்டது.

மாமா மட்டும் சுடுகிற இடத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அட்டைக்கு வரவே மாட்டார். பட்டாளத்துச் சட்டம் என்றார். ஒருநாள் லயத்து வாசலில் நின்ற கறுப்பு ஆட்டைப் பார்த்து, "வாம்மா, சாப்டியா?" என்று அம்மாவென்று நினைத்து விசாரித்தார். அம்மா உள்ளேயிருந்து, "ம், சாப்டேண்ணே" என்று சட்டென்று பதில் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா கையில் அகப்பை இருந்தது. சிரிப்பு நின்றது.

"வெளிய மூச்சு விட்ட, கொன்னுருவேன்."

மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு நமைச்சல். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் வாய்ப்பு வந்தது. ஒரு வாரமாக மழை, துரைக்கோ குளிர்காய்ச்சல். போட்டிக்கென்று சிங்கப்பூரிலிருந்து புதுத் தோட்டா வந்திருந்தது. "தோட்டா மாறினா விழுற எடமும் மாறும், சுட்டுப் பாக்கணும்" என்று மாமா பிஸ்டலை வாங்கிக்கொண்டு வந்தார். துரை கம்பளிக்குள் கிடந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் நான்.

ஐந்து சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நாவல்பழத்தைப் பறவை கொத்தின மாதிரி. அப்படி ஒரு அட்டையை நான் பார்த்ததே இல்லை.

"எங்கடி?"

"தாடை மாமா!" என்றேன். "அஞ்சும் தாடை!"

"தாடையா? நல்லாப் பாத்தியா கழுதை?"

"நல்லாப் பாத்துட்டேன். ஒங்களுக்குத் தெரியல?"

அவர் புகைக்கொட்டகைப் பக்கம் திரும்பினார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியுது, தெரியுது" என்றார்.

அடக்க முடியாத சிரிப்பு எனக்கு. ஓட்டைகளை ஒட்டி மூடினேன். திரும்பி ஓடி, "பொய்யி மாமா!" என்று கத்தத்தான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஆனால் அவர் மடியிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, பிஸ்டலை முகத்தருகே வைத்துக்கொண்டு அந்தப் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். துடைக்கிறார் என்று நினைத்தேன். பல்லைக் குறைத்தால் தோட்டா மேலே ஏறும் என்பதும், தேய்த்த இரும்பு திரும்ப முளைக்காது என்பதும் ஒன்பது வயதுக் கழுதைக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை இன்னும் கொஞ்சம் வளரவிடலாம் என்று பேசாமல் இருந்தேன்.

மறுபடி ஐந்து சுட்டார். ஓடினேன். மூக்கில் ஒன்றுமில்லை. ஐந்தும் நெற்றியில்.

நான் சொன்ன பொய் எப்படியோ அட்டைக்குள் புகுந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"இப்ப?"

"மூக்கு" என்றேன். "அஞ்சும் மூக்கு, மாமா."

முதல் பொய் விளையாட்டுக்கு. இரண்டாவது பயத்தில். கேட்டதும் அவர் கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். கற்பூரம் கொளுத்திப் பல்லுக்குக் கரி ஏற்றினார். வீட்டுக்கு வரும் வழியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். வேலை கிடைத்ததும் எனக்குக் கொலுசு என்றார்.

போட்டியில் நடந்தது அப்பா சொல்லித்தான் தெரியும். பெட்டி தூக்கிக்கொண்டு துரையோடு போயிருந்தார். காய்ச்சலோடும் துரையின் கை ஆடவில்லையாம். காசு வைத்திருந்தால் காசு நின்றிருக்கும். தோட்டாவெல்லாம் வட்டத்துக்கு மேலே, ஒன்றுபோல் ஒன்று, வரிசையாக. பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்து எங்கள் துரையின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

மறுநாள் காலை மாமாவை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். லயமே போய் நின்றது. துரை கத்தவில்லை. அட்டையைக் கை நீட்டித் தூரப் பிடித்து, "எங்க விழுந்தது? சொல்லு" என்றார். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். துரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இந்தப் பொண்ணு உனக்கு என்ன சொல்லிச்சு?"

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

"சரியாத்தான் சொல்லுச்சுங்க தொரை. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு. நானா ஒரு நெனப்புல அரத்தால பல்ல ராவிட்டேன்."

துரை அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த மாத லிஸ்டில் மாமா பெயர்தான் முதலில் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அப்படியே கப்பல் நாள் வந்துவிட்டது. பின்னால் நாகப்பட்டணத்திலிருந்து ஒரு கடுதாசி வரும் என்பதோ, ஆபீஸ் கிராணி அதைப் படிக்கப் படிக்க அம்மா தரையில் உட்காருவாள் என்பதோ, மாமா உயிரோடு ஊருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதோ எனக்கு அன்று தெரியாது.

லாரி ஏறுமுன் எல்லாருக்கும் திருநீறு வைத்தார். அம்மாவுக்கு வைத்தார், அப்பாவுக்கு வைத்தார். என் முறை வந்ததும் குனிந்தார். திருநீறு தோய்ந்த கட்டைவிரல் முதலில் என் மூக்கில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறி, நெற்றிக்குப் போய், இரண்டு முறை தட்டியது.

"இதுதானே தாயி?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பாவம், கண் தெரியாமல் தடவுகிறார் என்று நினைத்தேன். நெற்றி எது என்று என்னிடம் கேட்கிறார் என்றும் நினைத்தேன். அட்டை முகம் அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஆமா மாமா, அதுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு லாரியில் ஏறினார். நான் மூக்கிலிருந்த திருநீற்றைத் துடைத்துக்கொண்டேன்.