பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ்

போன மாதம் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஓசூர் போயிருந்தேன். மனைவிக்கு முட்டிவலி, வரவில்லை. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கிற ஒரு பெரிய ஓட்டலில் பேரன் அறை போட்டுக் கொடுத்திருந்தான். கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே லாரிகள் சாரி சாரியாகப் போகின்றன, சத்தம் மட்டும் இல்லை. ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் பலமாக ஒரு தும்மல் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தனியாக இருந்த அறையில் யார் என்ன சொல்ல முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே ஊரில் நான் தும்மினால் நாலு பக்கத்திலிருந்தும் "ஆயுசு நூறு" என்று குரல் வந்த காலம் ஒன்று உண்டு.

அறுபதுகளின் கடைசி அது. பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கைத்தெளிப்பான் விற்கும் கம்பெனி ஒன்று என்னை ஓசூருக்கு அனுப்பியது. சாயர்புரம் பக்கத்து வெயிலில் காய்ந்து வளர்ந்தவன் நான். ஓசூரில் இறங்கிய முதல் காலையில், வாயைத் திறந்தால் புகை வருகிறதே என்று பயந்துபோனேன். தொழிற்பேட்டை எல்லாம் பிறகு வந்தது. அப்போது அது சின்ன ஊர். தளியிலிருந்து காய்கறி மூட்டை வரும், பூக்கூடை வரும், நாலு பேர் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். என் தென்பாண்டித் தமிழைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அந்த ஊரில் இல்லை.

நான் தங்கிய லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருந்தது. அதற்கு இருந்த ஒரே நல்ல குணம் அதுதான். மற்றபடி குறைகளுக்குக் குறைவில்லை. மாடியில் வரிசையாக எட்டு அறைகள், எட்டுக்கும் சேர்த்து ஒரு குளியலறை. மழை பெய்தால் என் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மூட்டைப்பூச்சிகள் எனக்கு முன்பே அங்கே குடியிருந்தவை, அதனால் உரிமையோடு நடந்துகொண்டன. தெளிப்பான் விற்கிறவனைக் கடிக்கிறோமே என்ற பயம்கூட அவற்றுக்கு இல்லை. மேனேஜர் கோவிந்தராஜிடம் போய்ச் சொன்னால், "சார், ஜன்னலத் தொறந்தா பஸ்ஸு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்பார். எந்தப் புகாருக்கும் அவரிடம் அந்த ஒரு பதில்தான்.

ஆனால் பஸ் தெரிந்தது உண்மை. படுக்கையில் கிடந்தபடியே எந்த பஸ் உறுமுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிருஷ்ணகிரி வண்டியின் கண்டக்டர் கீழே நின்று, "குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போற சாருங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மாடியைப் பார்த்துக் கத்துவார். நாங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கும் வரை வண்டி நிற்கும்.

அறைகளின் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கூடத்தைப் பலகை அடித்து எட்டாகப் பிரித்திருந்தார்கள். பலகையும் பாதி உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரை எல்லாம் பொது. ஒருவர் இருமினால் எட்டு அறைக்கும் இருமல். தீப்பெட்டி வேண்டுமென்றால் குரல் கொடுத்தால் போதும், பலகைக்கு மேலே பறந்து வந்து மடியில் விழும். ஒருவர் பேசத் தொடங்கிய பேச்சை இன்னொருவர் முடித்து வைப்பார். முதல் வாரம் எனக்கு மானமே போனது போலிருந்தது. இரண்டாவது வாரம் நானும் ஆறாம் அறைக்காரரின் குடும்பச் சண்டைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அடுத்த அறையில் இருந்தவர் சென்னப்பா. ராமநகரத்துக்காரர், பட்டுக்கூடு வியாபாரி. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் கூடு வாங்கி, தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு போவார். பட்டுக்கூட்டின் வாடை உங்களுக்குத் தெரியுமா? பட்டுப்புடவை கட்டுகிறவர்கள் யாரும் அதை முகர்ந்திருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் புழு செத்து நாறுகிற வாடை அது. அந்த வேன் லாட்ஜ் வாசலில் நின்றால் கீழே இருந்த மெஸ்ஸில் தோசை ஓடாது.

அந்த வாடைக்கும் ஒரு உபயோகம் இருந்தது. அப்போது மதராஸ் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம், அத்திப்பள்ளி, அங்கே கடை திறந்தே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் லாட்ஜில் பாதிப் பேர் சென்னப்பாவின் வேனில் ஏறிவிடுவார்கள். போவதில் கஷ்டமில்லை, திரும்பி வருவதில்தான் கஷ்டம். எல்லைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டு, கதவோரம் இருக்கிற ஆளைப் பார்த்து "ஊது" என்பார். அதற்காக இவர்களுக்கு ஊதுவதற்கென்று ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த லாட்ஜிலேயே குடிக்காத ஒரே ஜீவன் நான். வேதக்கோயில் பிள்ளையாக வளர்ந்தவன், சாராயத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஆகவே நான் கதவோரம் உட்கார்ந்து ஊதுவேன். மற்றவர்கள் பின்னால் காலிக் கோணிகளைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். என் மூச்சு சுத்தம், அதற்குமேல் தலையை உள்ளே விட்டுப் பார்க்கக் கூட்டு வாடை விடாது. போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டிவிடுவார். எனக்குக் கூலி ஒரு தட்டு பஜ்ஜி.

இப்படி உத்தமமாகக் காலம் போய்க்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. கிருஷ்ணகிரி மிஷன் பள்ளியில் ட்ரில் மாஸ்டர் தேவசகாயம், அவருடைய மகள் கிரேஸ். அவளைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒருதரம் பார்த்திருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாட்டை மட்டும் சரியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எனக்குத் தெளிப்பான் வியாபாரம் ஓடவில்லை. அவள் கிடைக்காவிட்டால் ஊருக்கே திரும்பிப் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் பேச்சைக் கொண்டுவந்த எங்கள் சபை ஐயர், பாதிரியாரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர் மதுவிலக்குச் சபைத் தலைவருப்பா. ஓசூர்ல வேலைன்னதும், அத்திப்பள்ளி பக்கத்துல இருக்குதே, பையன் எப்படின்னு கேக்கறாரு" என்றார்.

"எனக்கு அந்தப் பழக்கமே இல்ல ஐயரே!"

"எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமில்ல?"

மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் இருப்பதன் வசதி இப்படியும் வேலை செய்யும். நான் பனியனோடு மாடிக் கம்பியில் சாய்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்த முதுகோடு ஒருவர் கீழே நின்று என்னையே பார்ப்பதைக் கண்டபோது வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

அறைக்குள் என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. எட்டு அறையும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"தம்பி, நேராவே கேக்கறேன். குடிப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பலகைக்கு மேலே இருந்து சென்னப்பாவின் குரல் வந்தது. "ஐயோ, ஒள்ளெ ஹுடுகா சார் அவரு! ரொம்ப நல்ல பையன்! ஒரு சொட்டு தொடமாட்டாரு!"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். சென்னப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கோ என் கல்யாணத்தை அன்றே முடித்துவிட வேண்டும் என்ற வேகம்.

"அவரு குடிக்கமாட்டாருன்னுதான் சார், நாங்க வாராவாரம் அவரை அத்திப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போறது! அவரு இல்லாம நாங்க போறதே இல்ல!"

"ஆமாங்க சார், கேட்டுப்பாருங்க" என்று ஆறாம் அறையும் ஒத்துப் பாடியது.

மாஸ்டர் எழுந்துவிட்டார். கிரேஸும் போனாள், தலைகீழ்ப் பாட்டுப் புத்தகமும் போனது என்று நினைத்துக்கொண்டு, வேனையும் சாவடியையும் ஊதுகிற உத்தியோகத்தையும் உளறிக் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதையாகத் தோன்றியது. அவர் கேட்டு முடித்தார். "இன்னைக்கும் போறீங்களா?" என்றார்.

"போகல சார். இனி என்னைக்குமே போகமாட்டேன்."

"போங்க. நானும் வரேன்."

அன்று சாயங்காலம் வேனில் ஏறியவர்களின் முகங்களைப் பார்க்கவேண்டுமே. அத்திப்பள்ளியில் மாஸ்டர் கடைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். அவர் கண் முன்னால் யாருக்குத் தொண்டையில் இறங்கும்? எப்போதும் பாடிக்கொண்டே குடிக்கிற சென்னப்பா அன்று கஷாயம் குடிக்கிற குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "முடிஞ்சுதா?" என்று மாஸ்டர் ட்ரில் குரலில் கேட்டதும் எல்லாரும் வரிசையாக வந்து வண்டியில் ஏறினார்கள்.

திரும்பும்போது கதவோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். நான் நடுவில். சாவடியில் போலீஸ்காரர் டார்ச்சை அடித்து, அவரைப் பார்த்து, "ஊது" என்றார்.

மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியோடு எல்லாரும் ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும். என் கம்பெனி வேலையும் போகும். சொல்லக்கூடிய மனிதர்தான்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி ஊதினார்.

போலீஸ்காரர் டார்ச்சை என் பக்கம் திருப்பினார். "ஏனுங்க, வாராவாரம் இந்தத் தம்பிதானே ஊதும்? ஒரு நாளும் வாசனையே வந்ததில்ல. இன்னைக்கு ஆளை மாத்திட்டீங்களா?"

அந்த மனிதருக்கு நான் கோயில் கட்டியிருக்கவேண்டும். மாஸ்டர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"பின்னால என்னங்க?"

"பட்டுக்கூடு" என்றார் மாஸ்டர். அது பொய்யில்லை, ஒரு மூட்டை இருக்கத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்துக் கோணிக்குள்ளிருந்து ஒரு விக்கல் எழுந்தது. சென்னப்பா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த விக்கல் வருவதற்குள் மதுவிலக்குச் சபைத் தலைவர் இருமத் தொடங்கினார். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. வண்டி சாவடியைத் தாண்டும் வரை இருமினார்.

தாண்டிய பிறகு அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். இந்தப் பாவத்தைச் செய்ய வைத்தோமே, அழுகிறார் போலிருக்கிறது என்று பதறி, "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். அவர் ஊர் வரும் வரை முகத்தை வெளிப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். வந்ததும் இறங்கி, "வரேன்" என்று மட்டும் சொல்லிக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்த வாரம் நான் சாப்பிட்டது மூட்டைப்பூச்சிகள் என்னிடம் சாப்பிட்டதைவிடக் குறைவு. சென்னப்பா பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் மன்னிப்புக் கேட்டார், ஒரு நாள் கன்னடத்தில், ஒரு நாள் தெலுங்கில். ஒரு காலையில் கிருஷ்ணகிரி வண்டி வந்து நின்றது. கண்டக்டர் கீழிருந்து கத்தினார்.

"தெளிப்பான் சாரு! ட்ரில் மாஸ்டர் உங்களை ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு வரச் சொன்னாருங்க! பொண்ணு சரின்னுடுச்சாம்!"

எட்டு அறையும் பலகையைத் தட்டிய தட்டில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாருக்கும் கேட்கும்படி அழுதேன்.

சில வருடங்களில் மதுவிலக்கை எடுத்தார்கள், ஊதுகிறவனுக்கு வேலை போயிற்று. தொழிற்சாலைகள் வந்தன, ஊர் எல்லாப் பக்கமும் வளர்ந்தது. லாட்ஜை இடித்துவிட்டார்கள். சென்னப்பா எங்கள் கல்யாணத்துக்கு வந்து, குளித்துச் சென்ட் போட்டும் போகாத கூட்டு வாடையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் வியாபாரத்தை மாற்றிக்கொண்டு எங்கோ போனார், தகவல் இல்லை.

என்னை எதற்காகக் கட்டிக்கொண்டாய் என்று கிரேஸிடம் பலதடவை கேட்டிருக்கிறேன். "அப்பா சொன்னாரு, சரின்னேன்" என்பாள், அவ்வளவுதான். மாமனாரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் வீட்டுக்குப் போனால் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, மழை உண்டா என்று கேட்பார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே ரொம்ப வருடம் நினைத்திருந்தேன்.

நிறைய வயதாகி, அவர் இறந்து, பெட்டியில் வைத்திருந்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிரேஸ் தானாகச் சொன்னாள். "அம்மா போனதுக்கப்புறம் அப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லங்க. அன்னைக்கு ஓசூர்லருந்து வந்து சாப்பிட உக்காந்தவரு, சோத்துல கைய வெச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. என்னன்னு கேட்டா சொல்லவே முடியல. கண்ணுல தண்ணி கொட்டுது. எங்கப்பாவ இப்படிச் சிரிக்க வெச்ச ஆளு யாருன்னு பாக்கணும்னுதான் சரின்னேன்."

"என்னைப் பாத்து ஒரு நாளும் சிரிச்சதில்லையே?"

"உங்க முன்னால அடக்கிக்குவாரு. நீங்க அந்தாண்ட போனதும்தான்..."

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இழவு வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஐயர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். மாமனார் மட்டும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார், நான் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருக்கிறவரைப் போல.